உபயமாகப் போன நாய்

பார்வை முழுவதும் போனபின் அப்பாவை நடத்திக் கூட்டிப்போனது அவரோடு ஆடு மேய்த்த கருப்பு நாய்தான். அதன் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு புதூர்ப் பக்கம் கரிசல் காடெல்லாம் தனியாகச் சுற்றிவருவார். பள்ளமோ படியோ வந்தால் நாய் நின்றுவிடும்; அவர் காலால் தடவிப் பார்த்து அடியெடுத்து வைப்பார். யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லை.

அம்மா இறந்தபின் இருவரையும் கோவில்பட்டிக்கு அழைத்துவந்தேன். நான் டீச்சர், வாடகை வீடு. நாய் ஆகவே ஆகாது என்று வீட்டுக்காரர் ஒற்றைக்காலில் நின்றார். வேறு வீடு தேடினேன், அரைமனதாகத்தான். கடைசியில், தீப்பெட்டி முதலாளிகள் சேர்ந்து நடத்திய முதியோர் இல்லத்தில் போய்க் கேட்டேன்.

"ஐயா வரட்டும். நாய்க்கு விதியில எடமில்ல" என்றார் செயலாளர்.

கண் டாக்டரின் சீட்டு, நாய்க்கு ஊசி போட்ட சீட்டு என்று நாலு நடை நடந்தேன். நாலு தடவையும் காப்பி கொடுத்தார்கள். பதில்தான் இல்லை.

அந்த இல்லத்தில் உபயம் இல்லாத பொருளே கிடையாது. டியூப்லைட்டின் பாதி வெளிச்சத்தைக் கொடுத்தவர் பெயரே மறைத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது.

"நாயையும் உபயமா எழுதிக்கோங்க அண்ணாச்சி."

உடனே அவர் முகம் மலர்ந்துவிட்டது. நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். மறுநாளே இருவரையும் அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு, பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பில் பஸ் ஏறினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனால், நாய் கேட்டில் சங்கிலியில் கிடக்கிறது. கழுத்தில் என் பெயர் எழுதிய தகரம். உள்ளே அப்பாவின் நெற்றியில் பிளாஸ்திரி. குளியலறைப் படியில் விழுந்திருக்கிறார்.

"உபயமா வந்துட்டா பொதுல்லா டீச்சர்" என்றார் செயலாளர், கொஞ்சமும் பதறாமல். "ஒருத்தருக்குன்னு விட்டா மத்தவிய கேக்க மாட்டாவளா? கேட்டுல கெடந்தா எல்லாருக்கும் காவல்."

"அது காவல் நாய் இல்ல அண்ணாச்சி. எங்கப்பாவுக்குக் கண்ணு."

"அப்ப ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போங்க. நாங்க தடுக்கலயே."

விறுவிறுவென்று போய்ச் சங்கிலியைக் கழற்றி, கயிற்றைக் கட்டி அப்பா கையில் கொடுத்தேன். "கிளம்புங்கப்பா!" என்று கத்தினேன். மற்ற பெரியவர்கள் வராந்தாவுக்கு வந்து பார்த்தார்கள். அப்பா எழுந்தார். இரண்டு படியிலும் நாய் நின்றது, அவர் தடவி இறங்கினார். முற்றத்தை ஒரு தடுமாற்றமும் இல்லாமல் கடந்து, கேட்டைத் தாண்டி, ரோட்டோரம் போய் நின்றார்.

"அவுத்துட்டே, சரி. இப்ப எங்கட்டி போக? உன் வீட்டுக்கா?" என்றார் அப்பா.

எதிரே ஒரு டவுன் பஸ் வந்து, ஆளை இறக்கிவிட்டுப் போனது. அப்பா என் பதிலுக்குக் கொஞ்சநேரம் காத்திருந்தார். பிறகு அவராகவே கயிற்றைச் சுண்டி நாயைக் கேட்டுப் பக்கம் திருப்பினார்.

சங்கிலியைத் திரும்ப மாட்டியது நான்தான்.