எழுதி வைத்த ஜெபம்

என் பிரசங்கத்தைப் பற்றி யாரும் பெரிதாகச் சொன்னதில்லை. என் ஜெபத்துக்குத்தான் பேர். தொண்டானோ ஏரியைச் சுற்றியுள்ள சபைகளில் பெரிய சாவு விழுந்தாலும், கிராம்பு பறிப்பு தொடங்கினாலும், யாராவது புது வீடு குடிபோனாலும் மொங்கிலாலா பாஸ்டரை, அதாவது என்னை, கூப்பிடச் சொல்வார்கள். நான் ரனோவலே சபைக்கு மாற்றலாகி வந்தபோது எனக்கு நாற்பத்தொரு வயது. வந்த ஆறே மாதத்தில் பக்கத்து ஊர்க்காரர்கள்கூட ஞாயிற்றுக்கிழமை பொதுஜெபம் கேட்பதற்காக மோட்டார் சைக்கிளில் வர ஆரம்பித்தார்கள்.

அந்த ஜெபம் எப்படித் தயாரானது என்று இதுவரை நான் வெளியே சொன்னதில்லை. குளிக்கும்போது வாக்கியங்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். சனிக்கிழமை மதியம் அவற்றைத் தாளில் எழுதி வைப்பேன். ஞாயிறன்று தாளை வேதாகமத்துக்குள் செருகிக்கொண்டு, வார்த்தை அப்போதுதான் உள்ளேயிருந்து ஊறி வருவதுபோல நிறுத்தி நிறுத்திச் சொல்வேன். எப்படி பாஸ்டர் இப்படி வருகிறது என்று யாராவது கேட்டால், ஒன்றும் பேசாமல் மேலே கையைக் காட்டுவேன்.

நோர்ச்சே கலாலோ எங்கள் சபையில் ஏழாம் வட்டத்தின் மூப்பர். ஏரிக்கரையோரமாக இருபத்திரண்டு வீடுகள் அவள் பொறுப்பில் இருந்தன. வயது ஐம்பத்தேழு. புருஷன் லாரி ஓட்டியவர், இறந்து ஏழு வருஷமாகியிருந்தது. பிழைப்புக்கு மூங்கில் சோறு செய்து விற்றாள். மூங்கில் குழாய்க்குள் வாழையிலையைச் சுருட்டி வைத்து, ஒட்டரிசியும் இஞ்சி தட்டிப் போட்ட தேங்காய்ப்பாலும் ஊற்றி, நீளமான இரும்புக் கம்பியில் வரிசையாகச் சாய்த்து நெருப்புக் காட்டுவாள். முற்றமெல்லாம் புகையாக இருக்கும். அதற்குள் நின்றுகொண்டு குழாய்களைத் திருப்பியபடியே போகிறவர் வருகிறவரை வம்புக்கு இழுப்பாள். போன வாரம் பாஸ்டரின் ஜெபம் முடிவதற்குள் வீட்டில் ஒரு வரிசை கருகிப்போய்விட்டது, பாஸ்டர்தான் நஷ்டஈடு தரவேண்டும் என்று ஒருமுறை எல்லோருக்கும் முன்னால் சொன்னாள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் சுருக்கென்றிருந்தது.

அவள் ஜெபம் நாலு வரிதான். "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல். அவங்கம்மா மூணு நாளா தூங்கல. சீக்கிரம் பாருங்க. ஆமென்." இவ்வளவே. அதற்குப்பிறகு ஒரு மணி நேரம் அந்த வீட்டில் உட்கார்ந்திருப்பாள்.

நன்றித் திருநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, சபைக்கு எத்தனை குழாய் சோறு வேண்டும் என்று சொல்ல ஒரு வியாழக்கிழமை பிற்பகல் அவள் வீட்டுக்குப் போனேன். கணக்குப் பேசி முடித்த பிறகும் அவள் என்னை உட்காரச் சொன்னாள். கம்பியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் போய்க் குழாய்களைத் திருப்பிவிட்டு வந்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"பாஸ்டர், எனக்கு இப்பல்லாம் ஜெபம் பண்ண வரல."

களைப்பாக இருக்கும் என்றேன். இல்லை என்றாள். வார்த்தை வருகிறதாம், வாய் பேசுகிறதாம். "எதிர்ல உக்காந்திருந்தவர் எழுந்து போயிட்டாரு. நான் காலி நாற்காலியப் பாத்துப் பேசிக்கிட்டே இருக்கேன். அப்படி இருக்கு. மூணு வருஷமாச்சு."

புருஷன் போன துக்கமா, மகன் மக்காசாரில் இருக்கிறானே அந்தக் கவலையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எதுவுமில்லை என்றாள். காரணம் இருந்தால் சரிசெய்திருப்பாளாம். புதன்கிழமை தோறும் வீடுகளில் ஜெபத்தை நடத்தும்போது ஏமாற்றுகிற மாதிரி இருப்பதாகவும், மூப்பர் பொறுப்பை விட்டுவிடலாமா என்றும் கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். கொஞ்சநாள் பொறுங்கள், இது யார் காதுக்கும் போகாது, என் வீட்டுக்காரிக்குக்கூடச் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவளுக்கு முகம் தெளிந்துவிட்டது. கிளம்பும்போது சூடாக இரண்டு குழாய் சோறு கொடுத்து அனுப்பினாள்.

திரும்பி வரும் வழியில் அவளுக்காக நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். வருத்தப்படவில்லை. காலி நாற்காலி என்ற அந்த வார்த்தைதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. என்ன அருமையான வார்த்தை என்று நினைத்தேன்.

சனிக்கிழமை அதைத் தாளில் எழுதினேன். ஒரு வார்த்தையை அடித்து மாற்றியும் எழுதினேன்.

ஞாயிறன்று ஆலயம் நிறைந்திருந்தது. நோயாளிகள், கப்பலில் வேலை பார்க்கும் பிள்ளைகள், பறிக்கிற காலத்தில் மழை பிடித்துக்கொண்ட கிராம்பு என்று ஜெபம் போய்க்கொண்டிருந்தது. நானூறு பேரும் மூச்சு விடாமல் கேட்கும் அந்த அமைதி வந்ததும் சொன்னேன்: "ஆண்டவரே, எங்கள் நடுவில் ஒரு தாய் இருக்கிறாள். வீடு வீடாகப் போய் மற்றவர்களுக்காக உம்மை அழைக்கிறவள். அவளோ காலி நாற்காலியின் முன் உட்கார்ந்திருக்கிறாள். அந்த நாற்காலிக்குத் திரும்பி வாரும்."

எங்கோ ஒரு பெண் விசும்பினாள். எனக்குச் சிலிர்த்தது. அது ஆவியானவரின் அசைவு என்று அப்போது நிச்சயமாக நம்பினேன்.

வீடு வீடாகப் போகிற பெண் மூப்பர்கள் எங்கள் சபையில் ஐந்தே பேர். ஆலய வாசலிலேயே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். நால்வர் "நான் இல்லப்பா" என்று தாங்களாகவே சொன்னார்கள். நோர்ச்சே ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை சந்தையில் அவள் ஒரு கடை முன்னால் நின்றபோது, கடைக்காரி முக்காலியை இழுத்துப் போட்டு, "பாத்து உக்காருக்கா, இதுல ஆள் இருக்கா இல்லையான்னு உனக்குத்தான் தெரியும்" என்றாளாம். சுற்றி நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். நோர்ச்சே முக்காலியில் உட்கார்ந்து, மிளகாயைப் பொறுக்கி எடுத்து வாங்கிக்கொண்டு போனாளாம்.

புதன்கிழமைக் கூட்டத்துக்கு ஏழாம் வட்டத்தில் மூன்று வீடுகள் சாக்குச் சொல்லின. மூப்பர் ஹெங்கி பாலித் என்னிடம் வந்து, விசுவாசம் இல்லாத ஒருத்தி கையால் திருவிருந்துப் பாத்திரத்தை எப்படிக் கொடுக்க விடுவது என்று மரியாதையாகத்தான் கேட்டார். யோசிக்கலாம் என்றேன். யோசிக்க எனக்கு வேலை வைக்காமல் அவளே கடிதம் அனுப்பிவிட்டாள். இரண்டு வரி. பொறுப்பிலிருந்து விலகுகிறேன், இதுவரை ஒத்துழைத்தவர்களுக்கு நன்றி. காரணம் எழுதவில்லை. என்னைப் பற்றியும் ஒரு சொல் இல்லை.

என் மனைவி மெய்தி சாப்பாட்டு மேஜையில் கேட்டாள்: "அந்த ஜெபம் யாரப் பத்தினது?"

பொதுவாகச் சொன்னது என்றேன். மறுநாள் அவள் தன்னந்தனியாக நோர்ச்சே வீட்டுக்குப் போய்வந்தாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

நான் போகவில்லை. திருநாள் வேலை, மூப்பர் கூட்டம், சளி என்று நாலு வாரம் தள்ளினேன். நோர்ச்சே ஆலயத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்தவள் நடுவில் ஒரு பெஞ்சுக்கு மாறிக்கொண்டாள், அவ்வளவுதான். ஜெபவேளையில் எல்லோரும் கண்ணை மூடித் தலை குனிவார்கள், அவள் நிமிர்ந்தபடி கண்ணைத் திறந்து வைத்திருப்பாள். அது எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், ஜனங்கள் உருகுகிறார்களா என்று பார்க்க ஜெபத்தின் நடுவே நானும் கண் திறப்பேன். ஆலயத்திலேயே கண் திறந்திருந்த இரண்டு பேர் நாங்கள்தான். அவள் என்னை முறைக்கவில்லை. வேலை பார்க்கிற ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு நாக்கு குழறியது.

ஐந்தாவது ஞாயிறு தாங்கமுடியாமல், பிரசங்கத்தை நிறுத்திவிட்டு சபைக்கு முன் அறிக்கை செய்தேன். நோர்ச்சே கலாலோ என்னை நம்பிச் சொன்னதை நான் காப்பாற்றவில்லை, ஜெபத்தில் வாய் தவறி வந்துவிட்டது, அவரிடமும் சபையிடமும் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். சொல்லும்போது அழுதேன். அது பொய் அழுகை இல்லை. பெண்களும் அழுதார்கள். ஹெங்கி எழுந்து வந்து கட்டிப்பிடித்தார். வாசலில் கைகொடுக்க வரிசை நின்றது. இத்தனை தாழ்மையான போதகரை இந்த ஊர் பார்த்ததில்லை என்றார்கள். இத்தனை வருஷத்தில் கேட்ட ஆராதனைகளிலேயே இதுதான் சிறந்தது என்று ஒரு பெரியவர் சொன்னார். நான் நன்றி சொன்னேன். அந்த நன்றியை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

நோர்ச்சே அதற்குள் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய்விட்டிருந்தாள்.

அன்று மாலை நாலு மணிக்கு அவள் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் உட்கார்ந்து வாழையிலைகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். காப்பியும் போட்டுக் கொடுத்தாள். நான் மறுபடியும் மன்னிப்பைத் தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"வாய் தவறி வர்ற வார்த்தை அவ்வளவு அழகா வராது, பாஸ்டர்."

அவள் அடுத்த இலையை எடுத்தாள்.

"மொதல் தடவ பேராவது சொல்லாம விட்டீங்க. இன்னிக்கு அதையும் சொல்லிட்டீங்க. இதுவரைக்கும் சந்தேகம்னு இருந்தது இப்ப ஊர்ஜிதமாயிடுச்சு. அழுதது நீங்க, ஆறுதல் கெடச்சதும் உங்களுக்கு."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என்ன செய்வதென்று தெரியாமல், பழக்க தோஷத்தில், ஜெபிக்கலாமா என்று கேட்டுவிட்டேன். அந்தக் கேள்வி வாயை விட்டுப் போன பிறகுதான் எனக்கே உறைத்தது.

"வேணாம்" என்றாள். "காப்பிய குடிங்க, ஆறுது."

குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த மூப்பர் கூட்டத்தில், அது வாய் தவறி வந்ததல்ல, முந்தினநாளே எழுதி வைத்தது என்று சொன்னேன். இத்தனை வருஷமாக எல்லா ஜெபமும் அப்படித்தான் என்றும் சொன்னேன். யாருக்கும் அதைக் கேட்கப் பிடிக்கவில்லை. முடிந்துபோனதை ஏன் கிளறவேண்டும் என்றார் ஹெங்கி. நான் விடாமல் பதிவேட்டில் எழுத வைத்தேன். நோர்ச்சேயை மறுபடி பொறுப்பேற்கக் கேட்டு இரண்டு பேர் போனார்கள். மூங்கில் சோறு கொடுத்து உபசரித்து, முடியாது என்று அனுப்பிவைத்தாள்.

அதன்பிறகு நான் பொதுஜெபத்தை ஆராதனைப் புத்தகத்தில் உள்ளபடியே வாசித்து முடித்துவிடுவேன். மூன்று நிமிஷம். ஜனங்களுக்கு ஏமாற்றம். பாஸ்டருக்கு என்ன ஆயிற்று, உடம்பு சரியில்லையா என்று மெய்தியிடம் விசாரித்தார்கள். பக்கத்து ஊர் மோட்டார் சைக்கிள்கள் நின்றுபோயின. சாவு வீடுகளுக்கு வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். அது எனக்கு வலிக்கத்தான் செய்தது. அந்த வலியைப் பார்த்தபிறகுதான், நான் எதை ஊழியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது புரிந்தது.

ஏழாம் வட்டத்துக்கு ஆள் கிடைக்காமல் புதன்கிழமைகளில் நானே போனேன். முதல் வீட்டில் படுக்கையிலிருந்த கிழவர், நோர்ச்சே வந்தால் முதலில் என் கால் நகத்தைப் பார்ப்பாள் என்றார். அடுத்த வீட்டில் மாத்திரைச் சீட்டை நீட்டி, காலையில் எது ராத்திரியில் எது என்று பிரித்து வைக்கச் சொன்னார்கள், அவள்தான் செய்வாளாம். சபை விருந்துக்கு விற்ற பன்றியின் விலைக்காகச் சபையோடு சண்டைபோட்டு வராமலே போன ஒருவர் வீட்டுக்கும் அவள் மாதம் தவறாமல் போயிருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த மனிதர் என்னை வாசலிலேயே நிறுத்தி, "நீங்க எதுக்கு வந்தீங்க? அந்தம்மா வரட்டும்" என்றார். இனி வரமாட்டாள் என்று எப்படிச் சொல்வது என்று நின்றேன். ஆனால் அவள் போய்க்கொண்டுதான் இருந்தாள். பதவி இல்லாமல், புதன் அல்லாத நாட்களில், வேதாகமம் இல்லாமல் போனாள். கிழவரின் நகம் எப்போதும் வெட்டியே இருந்தது. என் கைக்கு ஒருநாளும் அந்த வேலை வரவில்லை.

எந்த வீட்டிலும் அவளும் நானும் ஒரே நேரத்தில் இருந்ததில்லை. பாதையில் எதிர்ப்பட்டால் தலையசைப்பாள். இரண்டு வருஷம் அப்படியே போயிற்று. பிறகு எனக்குத் தெற்குக் கடலோரத்துச் சபைக்கு மாற்றல் வந்தது. பிரிவுபசாரத்தில் நிறையப் பேசினார்கள். அந்த அறிக்கை ஞாயிறைக் குறிப்பிட்டே மூன்று பேர் புகழ்ந்தார்கள். தடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது இங்கே வந்து ஐந்து வருஷமாகிறது. ஞாயிறு மதியம் சாப்பாடு ஆனதும் மெய்தி பின்வாசலில் உட்கார்ந்து நோர்ச்சேக்குப் போன் செய்வாள். இடது கண்ணில் புரை எடுத்தது, மகன் ஊருக்கே திரும்பி வந்தது, எல்லாம் அப்படித்தான் எனக்குத் தெரியும். அவளுக்கு மறுபடி ஜெபம் வந்ததா இல்லையா என்பதும் மெய்திக்குத் தெரிந்திருக்கலாம். நான் கேட்டதில்லை. இனிமேலும் கேட்கமாட்டேன். அவர்கள் சிரித்துப் பேசுவது உள் அறைவரைக்கும் கேட்கும். நான் தண்ணீர் குடிக்க அந்தப் பக்கம் போனால் மெய்தி குரலைத் தாழ்த்திக்கொள்வாள். அவள் பேசி முடிக்கட்டும் என்று நான் வெளியே போய்க் கோழிக்கூண்டைக் கழுவ ஆரம்பிப்பேன்.