போர்ட்டோவுக்கு இரண்டே கால் மணி நேரம்

குளியலறைத் தரையில் மண்டியிட்டு ஓடு பதித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் அடெரிட்டு பதில் சொல்வார்: "போர்ட்டோவா? பக்கந்தாம்மா. ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர். பிளேன்ல ஏறி உக்காந்தா ரெண்டே கால் மணி நேரம்." ஜெனீவாவில் எந்த வீட்டுக்காரர் ஊரைக் கேட்டாலும் இதே பதில்தான்.

இருபத்தாறு ஆண்டுகளில் மனிதர் ஒரு முறைகூட ஏறி உட்கார்ந்ததில்லை. ஆகஸ்ட் வந்தால், ஜெனீவாவில் வேலை பார்க்கும் எங்கள் போர்ச்சுகல் ஆட்கள் பலரையும் போலக் காரின் தலைமேல் மூட்டை கட்டி, பிரான்ஸையும் ஸ்பெயினையும் குறுக்கே கடந்து ஓட்டிப் போவார். கேட்டால், "திரும்பி வர்றப்ப எண்ணெய் டின்னு, கருவாடு எல்லாம் பிளேன்ல எவன் ஏத்துவான்?" என்பார். பிறகு அவரே சிரித்துவிட்டு, "எனக்குப் பயம்னு நெனைக்காதீங்க. வெறும் நடுக்கந்தான்" என்பார்.

வழித்துணை, அவரோடு ஓடு பதிக்கும் நான். பேச்சுக் கொடுத்து அவரைத் தூங்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. பிரான்ஸில் முதலில் வரும் லியோன் தாண்டுவதற்குள் குறட்டை விட்டுவிடுவேன். ஸ்பெயினில் புர்கோஸ் வந்ததும் சாப்பிட மட்டும் யாரும் எழுப்பாமலே எழுந்துவிடுவேன்.

இந்த ஆண்டு சனிக்கிழமை அவர் மகள் டெலிந்தாவுக்கு ஊரில் கல்யாணம். வெள்ளிக்கிழமை காலை, மூட்டையெல்லாம் கட்டி முடித்த பிறகு, கார் என்ஜின் படுத்துவிட்டது. போனில் மகள் அழவில்லை. "அப்பா, அப்ப என்னை சர்ச்சுக்குள்ள யாரு கூட்டிட்டுப் போறது?" என்று மட்டும் கேட்டாள். இனி விமானம்தான் ஒரே வழி.

நான் நெஞ்சை நிமிர்த்தி, "நான் இருக்கேண்ணே, கூட வரேன்" என்றேன். நான் விமானம் ஏறியது மொத்தம் இரண்டு தடவை, இரண்டும் மாத்திரை போட்டுக்கொண்டு. அதைச் சொல்ல அது நேரமில்லை.

விமானத்தில் அடெரிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, "ஊருக்கெல்லாம் டைம் சொன்ன வாயி, இப்ப தண்ணி தண்ணிங்குது" என்றார். மடியில் முட்டை அடை வைத்த ரொட்டிப் பொட்டலம். பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, "புர்கோஸ் வந்தா சொல்லும்மா, அங்கதான் நாங்க சாப்புடுவோம்" என்றார்.

"அதத் தாண்டிட்டோமே, சார். இன்னும் கொஞ்ச நேரத்துல இறங்கிடுவோம்."

"அதுக்குள்ளயா?"

பொட்டலத்தை அவர் பிரிக்கவே இல்லை. மெல்லச் சொன்னார்: "டெலிந்தா பொறந்த சேதி வந்ததும் கார எடுத்தேன்டா, வாஸ்கு. நான் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாரும் அவளத் தூக்கிக் கொஞ்சி முடிச்சிட்டாங்க. ரெண்டே கால் மணி நேரந்தானாடா இது?"

ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் விமானம் கீழே இறங்கத் தொடங்கிக் குலுங்க, கண்ணை மூடி எல்லாப் புனிதர்களையும் கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

சக்கரம் தரையில் பட்டதும் எங்கள் ஆட்கள் வழக்கம்போல் கைதட்டினார்கள்.

"கைய விடுடா. நானும் தட்டணும்ல?"

கண்ணைத் திறந்தேன். அவருடைய வலது கையை என் இரண்டு கைகளும் இறுக்கிப் பிடித்திருந்தன. விடத்தான் பார்த்தேன், விரல் அசையவில்லை. அடெரிட்டு மிச்சமிருந்த இடது கையால், எல்லோரோடும் சேர்ந்து, என் வழுக்கைத் தலையில் தட்டிக்கொண்டிருந்தார்.