தேமல் விழாத மேசை

எழுபதுகளில், கும்மிடிப்பூண்டியில் ஒரே கம்பெனியில் அவனும் நானும் வேலை பார்த்தோம். அவன் ஃபிட்டர். நான் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் பகுதியில் இருந்தேன். அவன் தங்கை கல்யாணம் முடிந்ததும் எங்கள் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தோம். அவன் பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கும் குடும்பத்துப் பிள்ளை. எங்கள் வீட்டார் சர்ச்சுக்குப் போகிறவர்கள்; என் தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. அம்மா இரண்டு நாள் அழுதுவிட்டுச் சம்மதித்தாள். தன் வீட்டில் தானே பேசிக்கொள்வதாக அவன் சொல்லியிருந்தான்.

வெளிநாட்டு மெஷின் வந்த பெட்டிகளைப் பிரித்தால் பைன் பலகை கிடைக்கும். அதைக் கேட்டு வாங்கி சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து இழைப்பான். எங்கள் புதுக் குடித்தனத்துக்கு ஒரு மேசை, இரண்டு நாற்காலி. சாயம் ஏற்றுவது என் பொறுப்பு.

முதல் தடவை மேசை பாழானது. டர்பெண்டைனில் குழைத்த பழுப்புச் சாயத்தைப் பூசியதும் ஓரிடம் கருத்தது, பக்கத்திலேயே வெளுத்தது. அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, தேமல் புடிச்ச மாரி கீது?"

"பேஜாரு புடிச்ச கட்டை. வுடு, பெயின்ட் அடிச்சிக்கலாம்" என்றான் அவன்.

எனக்கு மனசு வரவில்லை. பெயின்ட் அடித்தால் மரத்தில் ஓடும் ரேகையெல்லாம் மறைந்துவிடும். கண்ணாடிச் சில்லால் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பலகையைப் பழையபடி வெள்ளையாக்கினேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். மூட்டுகளில் ஒட்டப் பூசிய வஜ்ஜிரப் பசை வழிந்த இடத்தில் சாயம் ஏறவே இல்லை. அப்படியானால் பசை குடித்த மரம் சாயத்தைக் குடிக்காது. பலகை முழுக்கக் கொஞ்சமாகக் குடிக்க வைத்தால்?

வஜ்ஜிரத்தைச் சுடுதண்ணீரில் நீர்க்கக் கரைத்துத் துண்டுக் கட்டைகளில் பூசிப் பார்த்தேன். கெட்டியாக இருந்தால் சாயம் வழுக்கியது. மிகவும் நீர்த்தால் தேமல் திரும்பியது. நடுவில் ஒரு பதம் பிடிபட்டது. காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் ஒரு தடவு, அப்புறம் சாயம், உடனே பழைய வேட்டித் துணியால் ரேகை ஓடும் திசையில் துடைப்பு. மேசை முழுவதும் ஒரே நிறமாக, காப்பி டிகாக்‌ஷன் போல வந்தது. அவன் உள்ளங்கையால் தடவிப் பார்த்து, "கையே வெக்கப் பயமா கீது" என்று சிரித்தான்.

அடுத்த ஞாயிறு, முதல் நாற்காலிக்குச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தேன். அதன் முதுகுப் பலகையில் பாதி வந்திருந்தேன். அவன் வந்தான். சைக்கிளை நிறுத்தாமல் பிடித்துக்கொண்டே நின்றான்.

"ஊட்ல ஒத்துக்க மாட்றாங்க. நைனா பேசறதே இல்ல. அம்மா மருந்து குடிச்சிடுவேன்னு ஒக்காந்துகினு கீது. மாமன் பொண்ணப் பேசி முடிச்சிட்டாங்க."

பாதியில் கையை எடுத்தால் அந்த இடத்தில் கோடு விழுந்துவிடும். பலகையின் கடைசிவரை இழுத்துத் துடைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

"நீ இன்னா சொன்ன?"

"நான் இன்னா சொல்றது?"

"அப்போ ஒண்ணுமே சொல்லல?"

அவன் சுவரோரம் இருந்த இரண்டாவது நாற்காலியைப் பார்த்தான். "இன்னொரு நாற்காலிக்குக் காலு ஆடுது. நான் வந்து அத்த சரி பண்ணிக் குடுத்துர்றேன்" என்றான்.

"வேணாம். நீ போ."

போய்விட்டான். ஒரு மாதத்துக்குள் வேறு கம்பெனிக்கு மாறினான். கல்யாணமும் நடந்ததாகக் கேள்விப்பட்டேன். அந்தக் கால் ஆடும் நாற்காலியை அடுப்பில் வைக்கச் சொன்னாள் அம்மா. நான் காலில் ஆப்பு அடித்து, அதற்கும் வஜ்ஜிரம் பூசி, சாயம் ஏற்றினேன். ஒரு புள்ளி பிசகில்லாமல் வந்தது. வீட்டுக்கு வந்த பக்கத்து வீட்டு அக்கா, "எந்தக் கடையில எடுத்தீங்க?" என்று கேட்டாள். அதுவரை வராத அழுகை அன்றைக்கு வந்தது. பாவம், தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவள் திகைத்துப் போனாள்.

இரண்டு வருஷம் கழித்து ரயில் ஸ்டேஷனில் அவனைப் பார்த்தேன். பக்கத்தில் மனைவி, இடுப்பில் குழந்தை. அவள் என்னைப் பார்த்துவிட்டு யார் என்று கேட்டாள்.

"முன்ன கம்பெனியில ஒண்ணா வேலை செஞ்சாங்க" என்றான். பிறகு என்னிடம், "நல்லா கீறீங்களா?" என்றான்.

அவன் என்னை 'நீங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நல்லா இருக்கேன் என்றேன். வண்டி வந்தது. நான் பெண்கள் பெட்டியைத் தேடிப் போனேன்.