ராயக்கண்ணு வம்சம்

குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட் ஆபீசில் பழைய பேரேடுகளைப் பார்த்துக்கொள்பவள் சுகந்தி. ஜவுளிக்கடை வெற்றிச்செல்வன் வந்தாலே அவளுக்கு எரிச்சல். நாற்காலியைக் கைக்குட்டையால் தட்டிவிட்டுத்தான் உட்காருவார். தோட்டக் கூலிகளின் லைன் வீட்டில் வளர்ந்தவள் என்று அவள் கொடுக்கும் டீயைத் தொட மாட்டார். பெயருக்குப் பின்னால் ‘ராயக்கண்ணு’ என்று போட்டுக்கொள்ளும் அந்த மகானுபாவர் இப்போது தன் வம்சத்துக்குச் சரித்திரம் எழுதுகிறார்.

“பாத்தீங்களா, இருநூறு பேரு. அத்தன பேரு பின்னாடியும் ராயக்கண்ணு. எல்லாம் எங்க பாட்டன் ரத்தமுங்க” என்று பேரேட்டைத் தட்டினார்.

ராயக்கண்ணு என்பவன் தோட்டத்துக்கு ஆள் கூட்டி வந்த கங்காணி. வந்த அத்தனை பேருக்கும் அவன் பெயரையே ஒட்டி எழுதிவைத்தது அந்தக் காலத்துக் கிளார்க்கின் சோம்பேறித்தனம். தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். கடை வைத்ததும் இவருக்கு மறந்துபோயிற்று.

சுகந்தி கங்காணியின் பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். மனைவி மக்கள் இல்லை என்று எழுதியிருந்தது. வெற்றிச்செல்வனின் முகம் செத்துப்போயிற்று.

“அதனால என்னங்க, வம்சம்னே வெச்சுக்கலாம்” என்றாள் அவள். “இந்த இருநூறு பேருல உங்க நெசப் பாட்டனுக்கு அடுத்த வரி எங்க பாட்டனுங்க. அவரும் ராயக்கண்ணுதான்.”

அவர் தொடாமல் ஆறிப்போன டீயை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“பங்காளி ஊட்டு டீதானுங்க. குடிங்க.”