வெள்ளிக்கிழமை வாடை

லெம்பிக்கு மூக்கு இருந்தது, வேலைதான் செய்யவில்லை. பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு ஜனவரி மாதம், தபால் பெட்டியைப் பார்க்கப் போனவள் பனிக்கட்டியில் வழுக்கிப் பின்மண்டை அடிபட விழுந்தாள். மறுநாள் காலை காப்பி மணக்கவில்லை. அதற்கப்புறம் எதுவுமே மணக்கவில்லை. டாக்டர் கையை விரித்துவிட்டார். "நல்லதாப் போச்சு, இனிமே மீன் கழுவுறதுக்கு நான்தான் ராணி" என்று சொல்லிவிட்டு அவள் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

யாருக்கும் வளைந்து கொடுக்கிற ரகமில்லை அவள். இரும்புச் சுரங்கத்தின் பணிமனையில் இருபத்தாறு வருடம் விரிசல் கண்டுபிடிக்கிற வேலை பார்த்தவள். கிரேன் கொக்கியோ, அச்சாணியோ, எது வந்தாலும் முதலில் சிவப்புச் சாயம் பூசுவாள். துடைப்பாள். மேலே வெள்ளைப் பொடி அடித்துவிட்டுக் காத்திருப்பாள். விரிசல் இருந்தால் உள்ளே பதுங்கிய சாயம் பொடியில் ஊறிச் செங்கோடாக எழுந்து வரும். ஒருமுறை பெரிய கொக்கி ஒன்றில் மயிரிழை மாதிரி ஒரு கோடு வந்தது. "அது வெறும் கீறல், கையெழுத்துப் போடு" என்று மேஸ்திரி கத்தினார். லெம்பி பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, கொண்டுவந்த சாப்பாட்டைப் பிரித்து நிதானமாகத் தின்ன ஆரம்பித்தாள். மூன்று மணி நேரம் வேலை நின்றது. கடைசியில் கொக்கியை அறுத்துப் பார்த்தால், விரிசல் பாதித் தடிமனுக்கு ஓடியிருந்தது. மேஸ்திரி மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் கேட்பார் என்று உட்கார்ந்திருக்கவில்லை.

அப்படிப்பட்டவளைத்தான் அறுபத்தொன்பதாவது வயதில் ஒரு பெட்ரோல் வாடை மடக்கப் பார்த்தது.

வண்டி எண்பத்து நாலாம் வருடத்தது. நாலு கதவு, வேகவைத்த பட்டாணியின் நிறம், பெட்ரோல் ஊற்றும் வாய் பின்னால் நம்பர் தகட்டுக்கு உள்ளே. பனி உருகச் சாலையில் தூவும் உப்பை இருபது வருடமாகத் தின்றும் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் லெம்பி அதில் தோழி டோரிஸை ஏற்றிக்கொண்டு ஊருக்குள் கத்தோலிக்கக் கோயில் கூடத்துக்கு மீன் பொரியல் சாப்பிடப் போவாள். இருவருமே லூத்தரன்கள். தவக்கால வெள்ளிகளில் இறைச்சியை ஒதுக்கி மீன் தின்கிற விரதம் அவர்களுடையது இல்லாவிட்டாலும் மீன் எல்லோருக்கும் பொதுதானே.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை டோரிஸ் ஏறி உட்கார்ந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னடி இது, பெட்ரோல்லயே குளிச்சுட்டு வந்தியா?"

"எனக்கு ஒண்ணும் தெரியலயே."

"உனக்கு எப்படித் தெரியும்? பன்னிக் கொட்டாய்ல படுத்தாலும் உனக்குத் தெரியாது."

திங்களன்று லெம்பி மெக்கானிக் டக்கிடம் வண்டியை விட்டாள். விடுவதற்கு முன் அவன் வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னான்: "முழு டேங்கோட வந்தா நான் வண்டியத் தூக்கமாட்டேன். கால்வாசி வெச்சுக் கொண்டாங்க." மிச்சத்தைக் கைப்பம்பால் கேனில் இறக்கிவிட்டுக் கால்வாசியோடு கொண்டுபோனாள். அவன் அடியில் புகுந்து மோந்து பார்த்தான், தடவிப் பார்த்தான். சொட்டு ஈரம் இல்லை. அடுத்த வெள்ளி மறுபடி வாடை. திங்கள் மறுபடி ஒன்றுமில்லை. மூன்றாவது முறை டக் தலையைச் சொறிந்தான். "வண்டி கிழடாயிடுச்சுங்க. கிழட்டு வண்டின்னா வாடை அடிக்கத்தான் செய்யும்." சொன்னபோது அவன் வண்டியைப் பார்த்துச் சொன்ன மாதிரி அவளுக்குத் தோன்றவில்லை.

சேதி எப்படியோ தம்பி ரெய்னோவின் காதுக்குப் போயிற்று. எப்படியோ என்ன, டோரிஸ்தான். வியாழக்கிழமை அவன் வந்து சமையலறை மேசையில் ஒரு தாளை வைத்தான். ஓட்டுநர் உரிமத்தை மறுபரிசீலனை செய்யக் கோரும் படிவம். அவள் பெயர், பிறந்த தேதி, "நுகரும் சக்தி இல்லை, ஆபத்தை உணர இயலாது" என்று அவன் கோழிக் கிறுக்கலில் எல்லாம் நிரப்பியிருந்தான். கீழே கையெழுத்தும் போட்டிருந்தான்.

"சனிக்கிழமை மதியம் இழுவை வண்டியோட வர்றேன்க்கா. வண்டியக் கொடுத்துடு. இல்லன்னா இது போஸ்ட்ல போயிடும்."

"டேய், வண்டி இல்லாம டவுனுக்குப் பதினோரு மைல் நான் நீந்தியா போறது?"

"டவுன்ல, மளிகைக் கடைக்குப் பின்னாடி வயசானவங்க குடியிருப்புல ஒரு அறை காலியா இருக்கு. நான் பேசிட்டேன்."

"பேசிட்டியா! யாரக் கேட்டுப் பேசின?"

"ஒரு நாள் தீப்பிடிச்சு எரிஞ்சு போவ. அத நான் பாக்கணுமா?" ரெய்னோ தாளை அவள் பக்கம் நகர்த்தினான். அவன் மனதில் பாசம் இருந்தது லெம்பிக்குத் தெரியும். பாசத்தோடுதான் அவளைப் பெட்டியில் வைத்து மூடப் பார்த்தான். அதுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. அந்த அறையை அவள் பார்த்திருக்கிறாள். ஒரே ஒரு ஜன்னல், எதிரே கடையின் குப்பைத் தொட்டி. அங்கே போனால் தான் சாகும்வரை பிறர் வண்டிக்காகக் கோட்டுப் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல் பெட்ரோல் போட நின்றாள். டேங்க் நிரம்பியதும் குழாய் தானாகவே 'கிளிக்' என்று நின்றது. நின்ற பிறகும் அவள் விடவில்லை, விட்டு விட்டு அமுக்கிக் கழுத்து வரைக்கும் ஏற்றினாள். இந்தப் பக்கத்தில் குளிர்காலம் என்றால் எல்லோரும் அப்படித்தான். டேங்கில் வெற்றிடம் இருந்தால் ஈரம் கோத்துக் குழாயில் உறைந்து வண்டி நடுவழியில் நின்றுவிடும் என்று செத்துப்போன அவள் புருஷன் அர்வோ சொல்லிச் சொல்லியே பழக்கியது. மூடியைத் திருகும்போது டோரிஸிடமிருந்து போன் வந்தது.

"இன்னிக்கு நான் வேற வண்டியில போயிக்கிறேன் லெம்பி. தப்பா எடுத்துக்காத. என் கோட்டுல வாடை ஏறிட்டா போகவே மாட்டேங்குது."

"எந்தக் கிழமையெல்லாம்டி வாடை அடிச்சுது?"

"வெள்ளிக்கிழமை மட்டுந்தான். செவ்வாய்க்கிழமை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனியே, அன்னிக்கு ஒண்ணும் இல்லையே."

லெம்பி போனை வைத்தாள். கையில் மூடி, எதிரே கழுத்துவரை நிரம்பிய டேங்க். வெள்ளியன்று முழு டேங்க். திங்களன்று டக் கேட்ட கால் டேங்க். நிரம்பினால் ஒழுகும், குறைந்தால் ஒழுகாது. அப்படியென்றால் ஓட்டை அடியில் இல்லை, மேலே இருக்கிறது. ஒழுகாத நேரமாகப் பார்த்து ஒழுக்கைத் தேடியிருக்கிறார்கள், அதற்கு அவளே மூன்று முறை டேங்கைக் காயவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். தன் மடத்தனத்தை நினைத்து அங்கேயே நின்று உரக்கத் திட்டிக்கொண்டாள். அடுத்த பம்பில் நின்றவன் தன்னைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்து வண்டிக்குள் ஏறிவிட்டான்.

மீன் சாப்பிடப் போகவில்லை. மருந்துக் கடைக்குப் போய்க் கால் சேற்றுப்புண்ணுக்கு அடிக்கும் வெள்ளைப் பொடி டப்பா இரண்டு வாங்கினாள்.

சனிக்கிழமை காலை வண்டியைக் கொட்டகைக்கு வெளியே, வெட்டவெளியில், பெட்ரோல் ஊற்றும் வாய்ப்பக்கம் ஏறி நிற்கட்டும் என்று பின்பக்கம் சரிவில் இறங்கியிருக்கும்படி நிறுத்தினாள். பனியில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுப் பின் பம்பருக்கு அடியில் மல்லாந்து நுழைந்தாள். முழங்கால் முனகியது, வாயை மூடு என்று அதை அதட்டினாள். ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்கு இறங்கும் ரப்பர் குழாய், இறுக்கிப் பிடிக்கும் பட்டை, டேங்கின் தலை, எல்லாவற்றையும் துடைத்தாள். வெள்ளைப் பொடியைப் பனி மாதிரி அடித்தாள். பிறகு வெளியே வந்து குடுவையிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். காத்திருப்பது அவளுக்குப் பழகிய வேலை.

மதியம் ரெய்னோ வாடகை இழுவை வண்டிக்காரனோடு வந்து இறங்கினான்.

"சாவியக் கொடுக்கா."

"மொதல்ல படு."

"என்னது?"

"அந்த அட்டையில படுத்து மேல பாரு. டார்ச் இந்தா."

ரெய்னோ முணுமுணுத்துக்கொண்டே படுத்தான். வெள்ளைவெளேரென்ற பொடியில், ரப்பர் குழாயின் முதுகில், பட்டைக்கு ஒரு விரல் மேலே, அரை அங்குல நீளத்துக்கு ஈரமாய் ஒரு கருங்கோடு. அதிலிருந்து ஒரே ஒரு தாரை இறங்கியிருந்தது.

"ரப்பர் வெடிச்சிருக்கு" என்றான் அடியிலிருந்து.

"தெரியும். உனக்கு மூக்கு இருக்கு, டக்குக்கு மூக்கு இருக்கு, டோரிஸுக்கு ஊர் மூக்கே இருக்கு. ஒரு மாசமா எல்லாரும் மோந்தீங்களே, கண்டுபிடிச்சது யாருடா?"

ரெய்னோ அடியிலிருந்து நெளிந்து வெளியே வந்தான்.

"உதிரிபாகக் கடை ரெண்டு மணிக்குச் சாத்திடுவான். ஒரு முழம் குழாய் வாங்கிட்டு வா. அளவு இந்தச் சீட்டுல எழுதியிருக்கேன். இழுவை வண்டியிலயே போ, வாடகைதான் கொடுத்துட்டியே."

அவன் போனான். திரும்பி வருவதற்குள் லெம்பி கைப்பம்பால் டேங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கேனில் இறக்கிவைத்து, பழைய குழாயைக் கழற்றிப் பனியில் எறிந்திருந்தாள். இழுவை வண்டிக்காரன் ரெய்னோவை இறக்கிவிட்டுப் போய்விட்டான். புதியதையும் அவளே மாட்டினாள். ரெய்னோ சுத்தமான கையோடு டார்ச் மட்டும் பிடித்தான். மறுபடி பொடி அடித்து, டேங்கை நிரப்பி, ஒரு மணி நேரம் பார்த்தார்கள். பொடி வெள்ளையாகவே இருந்தது.

"சரிக்கா. இந்தத் தடவ கண்டுபிடிச்சுட்ட. அடுத்த தடவ?"

"அடுத்த தடவ டோரிஸ் திட்டுவா, நான் தேடுவேன். இனிமே குழாய் 'கிளிக்'னு நின்னா அதோட நிறுத்திக்குவேன், அந்தப் புத்தி எனக்கு வந்தாச்சு. உனக்கு என்ன புத்தி வந்துச்சு?"

ரெய்னோ பனியைக் காலால் கிளறினான்.

"நீ கையெழுத்துப் போட்ட அந்தத் தாள் எங்க?"

அவன் கோட்டின் உள்பையிலிருந்து எடுத்து நீட்டினான். அவள் வாங்கவில்லை. முற்றத்துக் கோடியில் இருந்த சவுனா என்கிற நீராவிக் குளியல் குடிசையைத் தாடையால் காட்டினாள். சனிக்கிழமை குளியல் நாளாயிற்றே, விறகு காலையிலேயே அடுக்கியாகிவிட்டது, பற்றவைக்க வேண்டியதுதான் பாக்கி.

"பத்த வைக்கத் தாள் இல்லாம இருக்கு. போ."

"நீயே கிழிச்சுப் போடேன்க்கா."

லெம்பி இரண்டு கைகளையும் அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். முழங்கைவரை பெட்ரோல்.

"இதோட நெருப்புக்கிட்டப் போகச் சொல்றியா? மோந்து பாக்க முடியாதுதான். கையில என்ன பட்டிருக்குன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?"

ரெய்னோ குடிசைக்குள் போனான். அவள் தள்ளியே நின்றாள், பனியை அள்ளிக் கையில் தேய்த்துக்கொண்டே, கண்ணை எடுக்காமல். சிறிது நேரத்தில் புகைபோக்கியிலிருந்து முதல் புகை கிளம்பியது. அதன் மணம் அவளுக்குத் தெரியவில்லை. எரிவது எது என்பது தெரிந்தது, அது போதும்.

"குளிச்சுட்டுப் போ" என்று கத்தினாள். "போறப்ப நானே உன்ன வீட்ல கொண்டு விடுறேன்."