வடக்கு வாசலைத் திறக்காதே!

போன வாரம் என் மகள் போனைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கே ஓடி வந்தாள்.

"அம்மா! அந்த ராஜா ஏன் பைத்தியமானான்னு கண்டுபிடிச்சுட்டாங்க! எதிர்காலத்துலேர்ந்து ஒருத்தன் போய் அவன் மண்டைக்குள்ள பேசிட்டானாம்!"

அவள் பார்க்கும் ஏதோ மாயாஜாலத் தொடர். ரசிகர்கள் உட்கார்ந்து தியரி மேல் தியரியாக எழுதுகிறார்களாம். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அடி போடி... இதையெல்லாம் நாங்கள் எழுபதுகளிலேயே மலேசியாவில், கேமரன் மலைத் தேயிலைக் காட்டில், இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு பேசி முடித்துவிட்டோம்!

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. வரிசை கட்டிக் கொழுந்து பறிக்கும் எங்கள் நிரையில் தடங்கலில்லாமல் தமிழ் படிப்பவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் கொழுந்தெடுக்க, நான் கொஞ்ச நேரம் உரக்கத் தொடர்கதை படிப்பேன். பதிலுக்கு ஆளுக்கொரு கைப்பிடிக் கொழுந்து என் கூடையில் விழும். கங்காணி திட்ட மாட்டாரா? அவர்தானே முதல் ரசிகர்!

தோட்டக் கணக்கெழுதும் கிராணி வீட்டில் படித்துக் கழித்த வாரப் பத்திரிகைகள் கட்டாக எங்களுக்கு வரும். அதில் வந்த கதை அது. பறக்கும் குதிரைகள் உள்ள தேசம், அதற்கு ஒரு ராஜா.

ஒரு நாள் படித்த அத்தியாயத்தில் ராஜாவுக்குப் பைத்தியம். தலைவிரி கோலமாகக் கத்துகிறான் — "வடக்கு வாசலைத் திறக்காதீர்கள்! என் மகன் செத்துவிட்டான்!"

மறுநாள் அடுத்த அத்தியாயத்தைப் பிரித்தால்... இளவரசன் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து விருந்து சாப்பிடுகிறான்!

நிரையே அப்படியே நின்றுவிட்டது. பக்கத்துச் செடியில் நின்ற புஷ்பம் அக்காதான் முதலில் கத்தினாள்.

"அடியேய், அவன் பைத்தியம் இல்லைலா! நடக்கப்போறதைப் பாத்துட்டுத் திரும்பி வந்திருக்கான்! மகனைக் காப்பாத்தணும்னு கத்துறான். எவனும் நம்ப மாட்டேங்குறான், அதான் மண்டை கலங்கிப்போச்சு!"

"அதெப்படிக்கா திரும்பி வர முடியும்?" என்றேன்.

கங்காணி குறுக்கே பாய்ந்தார். "பறக்குற குதிரை நேத்துக்குப் பறக்காதா என்ன?"

அன்று ராத்திரி முழுக்க எங்கள் லயத்து வீடுகளில் வேறு பேச்சே இல்லை. இளவரசன் பிழைப்பானா, மாட்டானா? புஷ்பம் அக்கா அவனுக்காக மாரியம்மனுக்குச் சூடம் ஏற்றினாள். சிரிக்காதீர்கள், நானும் கூடப் போய்க் கும்பிட்டேன்!

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நல்ல மழை. புஷ்பம் அக்கா வீட்டுக்குள் ஓடி நுழைந்தேன். பத்திரிகைக் கட்டு முதலில் அவள் கைக்குத்தான் வரும். பனி புகாமல் இருக்க, எந்தக் கதைப் படம் என்றுகூடப் பாராமல் கலர் அட்டைகளைக் கிழித்துப் பலகைச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் எனக்குத் தருவாள். அட்டையோடு தேதியும் போய்விடும். அத்தியாயங்களுக்கோ நம்பர் கிடையாது, தலைப்பு மட்டும்தான். நான் குத்துமதிப்பாக அடுக்கிப் படித்துக்கொண்டிருந்தேன்.

சுவரைப் பார்த்தேன். ஒவ்வொரு அட்டையிலும் கதைப் படம், ஓரத்தில் தேதி. முதலில் விருந்து. அடுத்த வாரம், திறந்த வாசலில் இளவரசன் செத்துக் கிடக்கிறான். அதற்கும் அடுத்த வாரம்தான் ராஜா தலைவிரி கோலம்!

ஐயோ... ராஜா எங்கேயும் போகவில்லை, எங்கிருந்தும் வரவில்லை. நான்தான் மாற்றிப் படித்துத் தொலைத்திருக்கிறேன்! இளவரசன் சாகிற அத்தியாயம் நாளைக்குப் படிக்க என் பையில் இருக்கிறது. அழுகை வந்துவிட்டது. அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அவன் காப்பாத்த வரலியா?"

"இல்லக்கா. மகன் செத்த பெறகுதான் பைத்தியமாயிருக்கான்."

அவள் முகம் செத்துப்போயிற்று. பிறகு சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதுக்கா."

"அப்பறம் என்னலா! நாளைக்கு வாசலைத் திறக்காமப் படி!"

படித்தேனே! பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு, அதில் இல்லாததை எல்லாம் மூச்சு விடாமல் படித்தேன். இளவரசன் அப்பா காலில் விழுந்தான். "நீங்கள் சொன்னால் சரி" என்றான். கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டான். நிரை முழுக்க ஒரே கூச்சல்! கங்காணி தொப்பியைத் தூக்கி எறிந்தார். புஷ்பம் அக்கா அழுதுகொண்டே, ரெண்டு கையாலும் கொழுந்தை அள்ளி என் கூடையில் கொட்டினாள்.

ராஜாவா? அவனுக்கு அன்றைக்கே புத்தி தெளிந்துவிட்டது!