அவர் படத்தில் இருந்த சத்தம்

போன மாதம் இறந்த என் வீட்டுக்காரரின் படத்தைப் பெரிதாக்க இன்று அமரவிளை ஸ்டூடியோவுக்குப் போனேன். கரண்ட் இல்லாத நேரம் மகள் போனில் எடுத்தது. வேறு படம் இல்லை.

ஸ்டூடியோக்காரர் சொன்னார்: "அக்கா, இதில நாய்ஸ் நிறைய உண்டு."

நாய்ஸ் என்றால் சத்தம். அது எனக்கும் தெரியும்.

"அவருக்குக் குறட்டை உண்டு தம்பி. ஆனா படத்தில முழிச்சிட்டுதானே இருக்காரு?"

"ஐயோ அக்கா, வெளிச்சம் பத்தாம கேமராவில ஐஎஸ்ஓ கூடினா படத்தில வரும் புள்ளியாக்கும்!"

எல்லாவற்றையும் துடைத்தார். கூடவே முகத்தின் அம்மைத் தழும்பும் போனது. மெழுகுபொம்மை மாதிரி யாரோ ஒருவர் சிரித்தார்.

"இது ஆரு மக்கா? அந்தச் சத்தத்தைத் திருப்பிப் போடு."

இருபது வருடம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிச் சண்டை போட்டவள் நான்.

சத்தத்தோடேயே சுவரில் மாட்டிவிட்டேன். பார்க்க வாருங்கள், காதைப் பொத்த வேண்டாம்.